வெயில் எழுதுகிற தப்புக் கணக்கு

திருநெல்வேலிக்காரர்களின் நிழல் வருஷத்துக்கு இரண்டு தடவை காணாமல் போகும். ஏப்ரல் 12, 13 வாக்கில் ஒரு தடவை. ஆகஸ்ட் 30 வாக்கில் இன்னொரு தடவை. அன்றைக்கு மத்தியானம் 12.20 மணி சுமாருக்கு வண்ணாரப்பேட்டைப் பக்கம் ரோட்டோரமாக நின்று (ஓரமாக! பஸ் வரும்!) குனிந்து பாருங்கள். நிழல் காலடிக்குள்ளேயே சுருண்டு படுத்திருக்கும். சூரியன் கோணல்மாணல் இல்லாமல் நேர் உச்சந்தலைக்கு மேலே நிற்கிற நேரம் அது.

'இதென்ன பெரிய அதிசயம், எங்க ஊர் வெயிலைப் பத்தி எங்களுக்கேவா?' என்பீர்கள். வாஸ்தவம். மண்டை காய்ந்தால் பதநீர், நாக்கு வறண்டால் நன்னாரி சர்பத், பொழுது சாய்ந்தால் அல்வா என்று வெயிலோடு குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்கள்தான் நாம். ஆனால் நான் சொல்ல வந்தது சுடுகிற வெயிலைப் பற்றி அல்ல. சுடாத வெயிலைப் பற்றி.

வெயிலில் சூடு என்று நாம் உணர்வது ஒரு சரக்கு. புற ஊதாக் கதிர் என்பது வேறு சரக்கு. இரண்டும் ஒரே வண்டியில் வந்தாலும் இதைக் கண்ணால் பார்க்க முடியாது, தோலால் உணரவும் முடியாது. மே மாதம் அக்னி நட்சத்திரம் என்று காலண்டர் பயமுறுத்தினால் உஷாராகி விடுகிறோம். ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுந்து, காற்று ஜிலுஜிலுவென்று அடித்தால் 'அப்பாடா' என்று சட்டையைக் கழற்றுகிறோம். மேகம் மெல்லியதாக இருந்தால் புற ஊதாக் கதிரில் 80 சதவிகிதம் வரை சத்தம் போடாமல் உள்ளே வந்துவிடும். காற்று குளிர்ச்சியாக இருப்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

இந்தக் கதிர்களில் ஏ, பி, சி என்று மூன்று வகை. 'சி' ரொம்பப் பொல்லாதது. நல்லவேளை, ஆகாயத்தில் உள்ள ஓசோன் அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 'பி'யில் பெரும்பகுதியையும் வடிகட்டிவிடுகிறது. மிச்சம் நம் தோலின் மேலடுக்கில் வந்து இறங்குகிறது. 'ஏ' இன்னும் ஆழமாகப் போகும். ஜன்னல் கண்ணாடியைக்கூடத் துளைக்கும். இதையெல்லாம் சேர்த்து 'யு.வி. இண்டெக்ஸ்' என்று ஓர் எண் போடுகிறார்கள். 11-ம் அதற்கு மேலும் 'மிக மிகக் கடுமை'. தெளிவான வானம் உள்ள ஏப்ரல் மத்தியானத்தில் நம் பக்கம் இந்த எண் 11-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம்.

சரி, தாண்டினால் என்ன ஆகும்? இங்கேதான் என் பி.காம். படிப்பு உதவிக்கு வருகிறது.

* * *

காமர்ஸ் படித்தவனுக்கு முதல் வகுப்பில் சொல்லித் தருகிற மந்திரம், இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். ஒரு பக்கத்தில் மை கொட்டி எழுத்து அழிந்தாலும் மறுபக்கத்தைப் பார்த்து, 'இங்கே இதுதான் இருந்திருக்கும்' என்று கண்டுபிடித்துவிடலாம்.

நம் உடம்பு இந்த முறையைப் பல கோடி வருஷங்களுக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு பேரேடு. நான்கே எழுத்துக்கள்: ஏ, டி, ஜி, சி. அப்பாவிடமிருந்து 300 கோடி எழுத்து, அம்மாவிடமிருந்து 300 கோடி எழுத்து. எல்லாம் இரட்டை இழையாக எழுதப்பட்டிருக்கும். ஓர் இழையில் 'ஏ' இருந்தால் எதிர் இழையில் 'டி'. இங்கே 'ஜி' இருந்தால் அங்கே 'சி'. ஆடிட்டர் பாராட்டுகிற மாதிரியான கணக்கு.

புற ஊதா 'பி' கதிர் இந்தப் பேரேட்டின் மேல் விழுந்தால், ஓர் இழையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு 'டி'க்கள் ஒன்றோடொன்று பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. எதிர்ப்பக்கத்து 'ஏ'க்களைப் பிடித்திருக்க வேண்டியவை, பக்கத்து ஸீட்டுக்காரனின் தோளில் சாய்ந்துவிடுகின்றன. அந்த இடத்தில் இழை கொஞ்சம் முண்டும். செல் இரண்டாகப் பிரிவதற்காகப் பேரேட்டை நகல் எடுக்கும்போது, அந்த முண்டில் வந்து தடுக்கும். அல்லது எதையாவது குத்துமதிப்பாக எழுதி வைக்கும். குத்துமதிப்பாக எழுதிய கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று கம்பெனி நடத்தியவர்களுக்குத் தெரியும்.

இது ஏதோ எப்போதாவது நடக்கிற விபத்து என்று நினைக்காதீர்கள். உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால், வெயில் பட்ட ஒரே ஒரு தோல் செல்லில் இப்படிப்பட்ட கோளாறு ஒரு லட்சம் வரை ஏற்படலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு செல்லுக்கு!

பிறகு எப்படி ஸ்வாமி நாம் உயிரோடு இருக்கிறோம்?

* * *

திருத்துகிற கோஷ்டி ஒன்று இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்கிறது, அதனால்தான். கோஷ்டியில் முதல் ஆள், மேஸ்திரி மாதிரி. எழுத்தைப் படிக்கமாட்டார், இழையைத் தடவிக்கொண்டே போய் எங்கே முண்டியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். முண்டு தட்டுப்பட்டதும் குரல் கொடுப்பார். அடுத்து வருகிற ஆட்கள் அந்த இடத்தில் இரண்டு இழைகளையும் பிரித்துப் பிடித்துக்கொள்வார்கள். இன்னொருவர், 'உண்மையிலேயே கோளாறுதானா?' என்று சரிபார்ப்பார். அப்புறம் கத்தரிக்காரர்கள் இரண்டு பேர், முண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. இரண்டே எழுத்து கெட்டதற்கு முப்பது எழுத்து நீளமுள்ள துண்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். கடைசியில் குமாஸ்தா வந்து, எதிர் இழையைப் பார்த்து அந்த இடத்தைப் புதிதாக எழுதுவார். ஒட்டுவதற்குத் தனி ஆள். வேலை முடிந்தது.

எந்தப் பக்கத்தை முதலில் திருத்துவது என்பதிலும் ஒரு சாமர்த்தியம். தினமும் புரட்டுகிற பக்கங்களுக்கு, அதாவது செல் உபயோகித்துக் கொண்டிருக்கும் ஜீன்களுக்கு, முன்னுரிமை. பரணில் கிடக்கிற பக்கங்கள் மெதுவாகத்தான்.

இந்தக் கோஷ்டியின் வேலைமுறையைத் துப்புத் துலக்கியவர்களில் முக்கியமானவர் அஸீஸ் சன்ஜார். 1946-ல் துருக்கியின் தென்கிழக்கு மூலையில் ஸவூர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். எட்டுக் குழந்தைகளில் ஏழாவது. அப்பா, அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். டாக்டருக்குப் படித்து, சொந்த ஊர்ப் பக்கமே கொஞ்ச காலம் வைத்தியம் பார்த்துவிட்டு, அமெரிக்கா போய் ஆராய்ச்சியில் இறங்கினார். பாக்டீரியாவில் இந்த இரட்டை வெட்டு எப்படி நடக்கிறது என்பதை 1983-ல் காட்டினார். பிறகு மனித செல்லிலும். 2015-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கும், டி.என்.ஏ.வின் வேறு பழுதுகள் திருத்தப்படுவதைக் கண்டறிந்த டோமஸ் லிண்டால், பால் மோட்ரிச் ஆகியோருக்கும் கிடைத்தது.

சரி, திருத்த முடியாத அளவுக்குப் பேரேடு நாசமாகிவிட்டால்? செல்லுக்குள் பி-53 என்று ஒரு புரோட்டீன் இருக்கிறது. கறார் ஆசாமி. 'கணக்கு சரியாகிற வரைக்கும் நகல் எடுக்கக் கூடாது' என்று முதலில் வேலையை நிறுத்துவார். சரிப்படாது என்று தெரிந்தால் செல்லையே தற்கொலை பண்ணிக்கொள்ளச் சொல்வார். வெயிலில் வெந்த தோல் நாலு நாள் கழித்து உரிகிறதே, அதில் இப்படி உயிர்த்தியாகம் செய்த செல்கள் நிறைய. மற்ற செல்களைக் காப்பாற்றப் போன உயிர்கள். பி-53-ஐ உண்டாக்கும் ஜீனிலேயே வெயில் தப்பெழுத்து எழுதிவிட்டால்தான் வம்பு. கெட்டுப்போன செல் தன் இஷ்டத்துக்குப் பெருகும். அதற்குப் பெயர் தோல் புற்றுநோய். அதன் பேரேட்டைப் புரட்டினால் 'சிசி' இருக்க வேண்டிய இடத்தில் 'டிடி' என்று இருக்கும். வெயில் விட்டுப்போன கைரேகை அது.

* * *

இதெல்லாம் படித்துவிட்டு, சீவலப்பேரிப் பக்கம் கார் பருவ நடவு நடந்துகொண்டிருந்த ஒரு வயலின் வரப்பில் போய் நின்றேன். மணி பதினொன்று. பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்த தலை நிமிராமல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம், "வெயில் ஒண்ணும் செய்யலையாம்மா?" என்றேன்.

"எய்யா, நாப்பது வருசமா இதே வெயிலுதான். கறுத்துப் போச்சு, அவ்வளவுதான். இனிமே எங்கனகூடிக் கறுக்க?" என்று சிரித்தார். "ஒமக்குத்தான் மொகம் செவந்துட்டு. போயி அந்த வேப்பமரத்தடியில நில்லும்."

அவர் சொன்னதில் பாதி நிஜம். கறுப்பு என்பது மெலனின். டி.என்.ஏ.யில் அடிபட்டதும் செல் அனுப்புகிற தந்தியைப் பார்த்துத்தான் தோல் கூடுதலாக மெலனின் தயாரிக்கிறது. அந்த மெலனின் செல்லுக்குள் எங்கே போய் உட்காருகிறது தெரியுமா? பேரேடு இருக்கிற அறைக்கு நேர் மேலே, குடை பிடித்த மாதிரி! நம் ஊரில் தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவதைவிட ரொம்பக் குறைவாக இருப்பதற்கு இந்தக் குடைதான் முக்கிய காரணம். அதனால் யாரும் பயந்து நடுங்க வேண்டாம்.

ஆனால் குடை என்பது கூரை ஆகாது. ஓட்டை உண்டு. 2015-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். மெலனின் தயாரிக்கும் செல்களில், வெயிலை விட்டு இருட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் ஆன பிறகும் 'டி'க்கள் புதிதாக ஒட்டிக்கொண்டே இருந்தனவாம். கதிர் பட்ட மெலனின் சிதையும்போது அதுவே அந்தச் சக்தியை டி.என்.ஏ.க்குக் கடத்திவிடுகிறது. சாயங்காலம் இருட்டுக்கடை வாசலில் அல்வாவுக்குக் க்யூவில் நிற்கும்போதும் மத்தியான வெயில் நம் கணக்கில் கிறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், நேரம். முண்டு பெரிதாகத் தெரிகிற சில கோளாறுகளைக் கோஷ்டி சில மணி நேரத்தில் திருத்திவிடும். மேலே சொன்ன 'டி-டி' ஒட்டு அப்படி இல்லை. பாதியைத் திருத்தவே ஒரு பகல், ஓர் இரவு ஆகிவிடும். மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடியும் வயலில் இறங்கினால்? நேற்றைய பாக்கி பாக்கியாகவே இருக்க, புதுப் பற்று ஏறுகிறது. ஒருநாள் கன்னியாகுமரிக்கு டூர் போய்க் கறுத்து வருகிறவருக்குக் கணக்கு எப்படியோ நேராகிவிடும். நாற்பது வருஷம் நாற்று நடுகிறவருக்குத்தான் பாக்கி சேர்கிறது.

இதில் வேடிக்கை, அந்த அம்மா நட்டுக்கொண்டிருந்த நாற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு. நெற்பயிரில் ஃபோட்டோலயேஸ் என்று ஒரு என்ஸைம் இருக்கிறது. வெட்டவேண்டாம், ஒட்டவேண்டாம், வெயிலில் இருக்கிற நீல வெளிச்சத்தையே வாங்கி, ஒட்டிக்கொண்ட இரண்டு 'டி'க்களையும் நேராகப் பிரித்துவிட்டுவிடும். வெயில் கொடுத்த வியாதிக்கு வெயிலே மருந்து! ஜப்பானில் இரண்டு நெல் ரகங்களை ஒப்பிட்டார்கள். ஸஸானிஷிகி புற ஊதாவைத் தாங்குகிறது, நோரின்-1 வாடுகிறது. காரணம், இந்த என்ஸைமில் ஒரே ஒரு கண்ணி மாறியிருப்பது. பாக்டீரியாவுக்கு இந்த என்ஸைம் உண்டு, மீனுக்கு உண்டு, கங்காருவுக்குக்கூட உண்டு. கங்காருவின் கிளையிலிருந்து பிரிந்து வந்த நமக்கும் மாட்டுக்கும் எலிக்கும் இல்லை. பரிணாமப் பாதையில் எங்கேயோ தொலைத்துவிட்டோம். அம்பை 16-க்கு இருக்கிற வசதி, அதை நடுகிற கைக்கு இல்லை.

* * *

இதுவரை சொன்னது, கோஷ்டி ஒழுங்காக வேலை செய்கிறவர்களின் கதை. பிறக்கும்போதே கோஷ்டியில் ஓர் ஆள் இல்லாமல் பிறக்கிற குழந்தைகளும் உண்டு.

1874-ல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோஸி என்ற தோல் டாக்டர் இந்த வியாதியை விவரித்தார். ஸீரோடெர்மா பிக்மென்டோஸம் என்று பெயர். வறண்ட, புள்ளி விழுந்த தோல் என்று அர்த்தம். வெயில் பட்ட இடமெல்லாம் புள்ளி. சின்ன வயசிலேயே புற்றுநோய். காரணம் தெரியாமல் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் கிளீவர் என்ற விஞ்ஞானி இந்த வியாதியைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தார். 'டி.என்.ஏ. திருத்துகிற கோஷ்டியில் கோளாறு இருந்தால் இப்படித்தானே ஆகும்?' என்று பொறி தட்டியது. நோயாளிகளின் தோல் செல்களை வாங்கிச் சோதித்தார். அவர் நினைத்தது சரி, 1968-ல் வெளியிட்டார். (செய்தித்தாளில் சினிமாப் பக்கத்தை மட்டும் படிப்பவர்கள் கவனிக்க.) இந்த வியாதியில் இன்றைக்கு எட்டு வகை தெரியும், பெரும்பாலானவை கோஷ்டியில் எந்த ஆள் இல்லை என்பதைப் பொறுத்தவை.

இந்தக் குழந்தைகளுக்கு இருபது வயதுக்குள் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு. இதற்கும் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது.

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் இந்த வியாதி வரும். ஒன்று மட்டும் பழுது என்றால் அவர் நூறு வயசு ஆரோக்கியமாக இருந்து, தெரியாமலே அடுத்த தலைமுறைக்கு அனுப்பிவிட்டுப் போவார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பத்து லட்சத்தில் ஒருவருக்கு வருகிற வியாதி இது. ஒரு ஜீன் பழுதால் அந்த விகிதத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், பழுதைச் சுமக்கிறவர்கள் 500-ல் ஒருவர். உங்களிடம் அந்தப் பழுது இருக்கிறது, அந்நியத்தில் பெண் எடுக்கிறீர்கள் என்றால், அவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு 500-ல் 1. அத்தை மகள் அல்லது மாமன் மகள் என்றால் 8-ல் 1. அக்கா மகள் என்றால் 4-ல் 1. இருவரிடமும் இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 4-ல் 1 ஆபத்து. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் கல்யாணம் ஆனவர்கள். நம் நாட்டுத் தோல் மருத்துவ இதழ்களில் இந்த வியாதி பற்றி வந்த பல கட்டுரைகளில் 'பெற்றோர் நெருங்கிய உறவினர்' என்ற வரியைப் பார்க்கலாம்.

முறைப்பெண்ணைக் கட்டியவர்கள் பதற வேண்டாம். சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோருக்கு நல்ல ஆரோக்கியமான குழந்தைகள்தான். நான் சொல்வது, கவனிக்க வேண்டிய அடையாளங்களை. இரண்டு வயசு ஆவதற்குள் முகத்திலும் கைகளிலும் மிளகு தூவின மாதிரி புள்ளிகள் வருகிறதா? வெளிச்சத்தைப் பார்த்தாலே குழந்தை கண்ணைச் சுருக்கி அழுகிறதா? கொஞ்ச நேர வெயிலுக்கே தோல் வெந்து, வாரக்கணக்கில் ஆறாமல் இருக்கிறதா? சூட்டு உடம்பு, கண் திருஷ்டி, தேமல் என்று நாள் கடத்தாதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி மாதிரி தோல் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு போங்கள். அடியோடு குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்து, வெயில் படாமல் பொத்தி வளர்த்து, அவ்வப்போது தோலையும் கண்ணையும் சோதித்து வந்தால் ஆயுசு பல வருஷம் கூடும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே ஒரு முகாம் நடத்துகிறார்கள். பகலெல்லாம் தூக்கம், பொழுது சாய்ந்த பிறகு விளையாட்டு.

* * *

நாட்டுமருந்துக் கடையில் கார்போகரிசி கேட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெண்புள்ளிக்குக் காலம்காலமாக உபயோகிக்கிற அந்த விதையில் ஸோரலன் என்ற பொருள் இருக்கிறது. அது டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே போய் உட்காரும். 'ஏ' கதிர் பட்டதும் இரண்டு இழைகளையும் சேர்த்துத் தைத்துவிடும். பற்றும் போச்சு, வரவும் போச்சு! எதைப் பார்த்துத் திருத்துவது? இதே சங்கதியை அளவோடு உபயோகித்து 1974 முதல் சோரியாசிஸுக்கு வைத்தியம் செய்கிறார்கள். அளவு டாக்டர் கையில். பக்கத்து வீட்டு அத்தை சொன்னார் என்று அரைத்துப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தால் கொப்புளம் நிச்சயம். எலுமிச்சைத் தோலிலும் இதன் தம்பிகள் உண்டு. புளியங்குடி எலுமிச்சை சர்பத்துக்கு அருமை. அழகுக் குறிப்பு என்று முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள்.

பிறகு என்னதான் செய்வது? வெயிலே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியாது. வைட்டமின் டி-க்குக் கொஞ்சம் வெயில் வேண்டும். காசு செலவில்லாத ஒரு விதி இருக்கிறது: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரமெல்லாம் கதிர் உக்கிரமான நேரம். ஏப்ரலில் நம் ஊரில் அது காலை ஒன்பதேகாலிலிருந்து மாலை மூன்றேகால் வரை. அந்த நேரத்தில் குடை, தலைப்பாகை, முழுக்கை. ஆற்றுக்குள் நின்றால் தப்பித்தோம் என்று குறுக்குத்துறைப் படித்துறையில் கழுத்தளவு முங்கிக் கிடப்பவர்கள் கவனிக்க: தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் மேலே உள்ளதில் 40 சதவிகிதம் இருக்கும். காய்ந்த மணல் வேறு 15 சதவிகிதத்தைக் கீழேயிருந்து திருப்பி அடிக்கும். உதட்டிலோ கையிலோ மாதக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் காட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் தோல் புற்றுநோய் பெரும்பாலும் வெட்டி எறிந்து குணமாக்கக் கூடியது.

வரப்பில் பார்த்த அம்மா சேலைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அவர் மட்டுமில்லை, நட்டவர்களில் முக்கால்வாசிப் பேர். சேறு படாமலிருக்க, நாற்றின் சுணை அறுக்காமலிருக்க என்று ஆரம்பித்த பழக்கம். புற ஊதாவுக்கும் இதைவிடச் சுலபமான கவசம் கிடையாது. "மவன் போட்டுக் கழிச்ச சட்டைய்யா. முதுகுல நைஞ்சு போச்சு" என்றார். நைந்த துணி வெளிச்சத்தை உள்ளே விடும். அடர்த்தியாக நெய்த துணிதான் தடுக்கும்.

தீபாவளிக்கு ஆட்களுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிற பண்ணை அண்ணாச்சிகளே, அடுத்த கார் நடவுக்கு முன்னால் தலைக்கு ஒரு புதுச் சட்டையும் எடுத்துக் கொடுங்கள். கெட்டித் துணி, முழுக்கை, காலர் வைத்தது. கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சந்தேகம் வந்தால் என்னைக் கேளுங்கள்.